சிவப்புத் தட்டா, நீலத் தட்டா?

“இனிமே இந்த வீட்ல மங்கலான படம் ஓடாது” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக்காரர் பிரகடனம் செய்தார். கேட்பதற்கு அங்கே இருந்தது அவர் மனைவி மட்டும்தான். அவளும் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய கால்சட்டைக்கோ மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பு எழாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டதாகக் கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் நிறைவேற்றிய தீர்மானங்கள் எல்லாமே இப்படி மனைவியின் வாயில் ஊசி இருக்கும் நேரத்தில் நிறைவேறியவைதான்.

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. கண் சோதனை செய்வதும் அவரே. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் ஏற்றி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?” என்று கேட்பார். நாள் முழுக்க இதே கேள்வி. அவர் மூக்கிலும் ஒரு கண்ணாடி உண்டு. ஆனால் அதில் பவர் கிடையாது, வெறும் கண்ணாடி. மொட்டைத்தலையன் சீப்பு விற்றால் யார் வாங்குவார்கள் என்பது அவருடைய வியாபாரத் தத்துவம். அதே மாதிரி ஃபிரேமைத்தான் ஊரில் பாதிப் பேர் தலையில் கட்டியிருந்தார்.

தினமும் கடையைத் திறந்ததும் எதிர்ச்சுவரோரம் போய் நின்று, எழுத்துப் பலகையைப் பெரிய எழுத்திலிருந்து கடைசி வரிப் பொடி எழுத்து வரை கடகடவென்று வாசித்துவிடுவார். பலகையை மாட்டிய காலத்திலிருந்து ஒரு நாளும் ஓர் எழுத்துக்கூடத் தவறியதில்லை. ‘கண்ணுன்னா இது கண்ணு’ என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடங்குவார். தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடிக் கடை இருந்தது. அதன் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். “எதிர்க்கடைக்காரனா? வலது கண்ணு லென்ஸை இடது கண்ணுக்குப் போடறவனாச்சே” என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக டிவியில் படம் மங்கலாகத் தெரிந்தது. கதாநாயகன் முகத்தில் மூக்கு எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. கண்ணில் கோளாறு இருக்க வழியே இல்லை. பலகையைக் கடைசி வரி வரை வாசித்தாகிவிட்டதே. ஆகவே கோளாறு டிவிடி தட்டில்தான் என்று முடிவுகட்டினார்.

மனைவி ஊசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்திவிட்டு வாயைத் திறந்தாள்.

“படம் மங்கலாவா இருக்கு? எனக்கு நல்லாத்தானே தெரியுது.”

“உனக்குப் பழகிப்போச்சும்மா. மங்கலையே பாத்துப் பாத்து அதுதான் தெளிவுன்னு நினைச்சுக்கிட்டிருக்கே.”

“சரி, என்ன பண்ணப் போறீங்க?”

“புதுசா தட்டு வந்திருக்கு. ஹை டெஃபனிஷன். மூஞ்சில இருக்கற மரு கூடத் தெரியும்.”

“மருவைப் பாக்கவா படம் பாக்கறோம்?”

“உனக்குச் சொன்னாப் புரியாது. முன்னறைய தியேட்டர் மாதிரி ஆக்கப்போறேன். வெளிச்சமே வரக்கூடாது. அந்த ஜன்னல மூடிடணும்.”

அந்த வீட்டில் உருப்படியாக வெளிச்சம் தரும் ஜன்னல் அது ஒன்றுதான். மனைவி அக்கம்பக்கத்துக்குத் துணி திருத்தித் தைத்துக்கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் அடுக்களைக்குப் போகிற வழியில், ஒற்றை பல்புக்குக் கீழே கிடந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் சாயங்காலம் கண்ணில் மிளகாய் வைத்த மாதிரி எரியும். முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தருகிறேன் என்று கண்ணாடிக்காரர் வாக்குக் கொடுத்து வெகுகாலமாகிவிட்டது. ஊர்க் கண்ணையெல்லாம் பார்க்கிறவருக்கு வீட்டுக் கண்ணைப் பார்க்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

“அந்த ஜன்னல் எனக்குத் தரேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். யாரு இல்லேன்னா? முதல்ல தியேட்டர். அப்புறம் பாத்துக்கலாம். நல்ல கறுப்புத் துணியா நானே எடுத்துட்டு வரேன். திரைய நீதான் தைக்கணும். வெளியில குடுத்தா ஒருத்தனும் நேரா தைக்க மாட்டான்.”

தன் வெளிச்சத்தை மறைக்கிற திரையைத் தானே தைக்க வேண்டும். மனைவி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, “சரி, தைச்சுத் தரேன்” என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே, அப்போதே கண்ணாடிக்காரர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் மனைவி ஒப்புக்கொள்கிற அபூர்வமான நேரங்களில் சந்தோஷத்தில் அவருக்கு மூளை வேலை செய்யாது.

அடுத்த சிக்கல், எந்தத் தட்டை வாங்குவது என்பது. உயர்தெளிவுத் தட்டிலேயே இரண்டு கட்சி இருந்தது. சிவப்புப் பெட்டியில் வருவது எச்.டி. டிவிடி. நீலப் பெட்டியில் வருவது ப்ளூ-ரே. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே வட்டம், ஒரே பளபளப்பு. ஆனால் இதன் மெஷினில் அது ஓடாது, அதன் மெஷினில் இது ஓடாது. படக் கம்பெனிகளில் பாதி சிவப்புப் பக்கம், பாதி நீலப் பக்கம். தப்பான பக்கம் போய் நின்றால் பாதிப் படம் பார்க்க முடியாது.

மனைவியின் தம்பி அந்த வார லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் வீட்டுக்கு வந்தால் மாமாவை ஏற்றி இறக்குவான்.

“யோசிக்கவே வேணாம் மாமா. நீலம் வாங்குங்க. என் கேம் பெட்டியே நீலத் தட்டு ஓட்டுது. விளையாட்டும் ஆச்சு, படமும் ஆச்சு.”

கண்ணாடிக்காரருக்கு அதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மச்சினன் நீலமென்றால் அவர் சிவப்பு.

“விளையாட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் நீலம் மாப்ளே. தெளிவு தெரிஞ்சவன் சிவப்புத்தான் வாங்குவான்.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்றாள் மனைவி.

“நிறைய இருக்கு. தட்டுல எழுதியிருக்கறத லேசர் ஒளி போய்ப் படிக்கும்.”

“சிவப்புத் தட்டைச் சிவப்பு ஒளி படிக்குமாக்கும்.”

கண்ணாடிக்காரர் லேசாக இருமினார். “இல்ல. ரெண்டையும் நீல ஒளிதான் படிக்கும்.”

“அப்ப என்ன சண்டை?”

“நீலத்துல எழுத்து மேல் தோலுக்குப் பக்கத்துல இருக்கும். சிவப்புல கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும்.”

“ஒண்ணு மேல்தையல், ஒண்ணு உள்தையல். துணி ஒண்ணுதானே? உக்காந்து பேசி ஒரே மாதிரி செஞ்சிருந்தா நம்ம மாதிரி ஆளுங்க தலைய உடைச்சுக்க வேணாமே.”

“அது கௌரவப் பிரச்சினைம்மா. யாரும் விட்டுக்குடுக்க மாட்டாங்க.”

“ஆமா, வீடுவீடா அதேதான் நடக்குது” என்று சொல்லிவிட்டு மனைவி மெஷினுக்குத் திரும்பினாள்.

சிவப்பு மெஷின் வந்தது. கறுப்புத் துணியும் வந்தது. மனைவி திரையைத் தைத்து ஜன்னலில் மாட்டினாள். கண்ணாடிக்காரர் அறையின் மறுகோடியில் போட்டிருந்த தன் தியேட்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே அதைப் பரிசோதித்தார்.

“கிட்ட வந்து பாருங்க.”

“எதுக்கு? எனக்கு இங்கேருந்தே ஒவ்வொரு தையலும் தெரியுது. தையல்னா இது தையல். நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு.”

“தெரியுதா?” என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, திரும்பவும் அவரை அதே மாதிரி உற்றுப் பார்த்தாள்.

முதல் படம் ஓடியது. மெஷின் தட்டை வாங்கிக்கொண்டு வெகுநேரம் உர்ரென்று உறுமி, தொண்டையைச் செருமி, அப்புறம்தான் படத்தைக் காட்டியது. காட்டிய படம், சொன்னால் வெட்கக்கேடு, பழையபடி மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் மச்சினன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“ஆகா. ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது பாரு” என்றார்.

“யாரு முடி மாமா?”

“அதான், அந்தக் கதாநாயகன்.”

“அது குதிரை மாமா.”

“குதிரை முடியத்தாண்டா நானும் சொல்றேன்.”

அன்றிலிருந்து கண்ணாடிக்காரரின் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக டிவியை நோக்கி நகர ஆரம்பித்தது. கேட்டால், “தியேட்டர்ல முன் வரிசைக்குத் தனி மரியாதை” என்றார். வேறு எங்கோ இதே காசுக்கு இதைவிட நல்ல மெஷின் கிடைத்திருக்குமோ என்று உள்ளுக்குள் நொந்துகொண்டார். நொந்ததை வெளியே சொல்ல முடியாமல் இன்னும் பலமாகப் புகழ்ந்தார். புகழப் புகழ எரிச்சல்தான் மிஞ்சியது.

நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும் அதிசயம் நடந்தது. ஒரு வேன் டிரைவருக்காகச் செய்த கண்ணாடியைத் திருகு முடுக்குவதற்காக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஃபிரேம் அவருடையதைப் போலவேதான், ஊருக்கெல்லாம் கட்டிய அதே ஃபிரேம். வேலையை முடித்து மேசையில் வைத்து, டீ குடித்து, மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, இங்க வந்து பாரேன். இன்னிக்குத்தான் மெஷின் செட்டாகியிருக்கு. அந்தம்மா காதுத் தோட்டுல கல்லு ஜொலிக்கறது தெரியுது.”

மனைவி டிவியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள், அவர் மூக்கைப் பார்த்தாள்.

“அந்த வேன் டிரைவருக்கு என்ன நம்பர்ங்க?” என்று கேட்டாள்.

தொழிலைப் பற்றி மனைவி அக்கறையாகக் கேட்கிறாளே என்ற பூரிப்பில் கண்ணாடிக்காரர் இரண்டு கண்ணுக்கும் நம்பரைச் சொல்லி, அதற்கு விளக்கவுரையும் சொன்னார். மறுநாள் காலையில் மனைவியே டிரைவரின் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடி, அவருடையதை அவர் மூக்கில் மாட்டி வழியனுப்பினாள். இது புதுக் கரிசனம். அன்று சாயங்காலம் படம் மறுபடி மங்கிவிட்டது. மெஷினுக்கு மூட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. மச்சினன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“மாமா, சேதி கேட்டீங்களா? சிவப்புக்காரங்க கையைத் தூக்கிட்டாங்க. இனிமே அந்த மெஷினே செய்ய மாட்டாங்களாம். தட்டு வாடகைக் கடையில சிவப்பு அலமாரியவே காலி பண்ணியாச்சு. கடைக்காரர் உங்களப் பாவம் பாத்து ஒரு தட்டைச் சும்மாவே குடுத்துவிட்டாரு.”

கண்ணாடிக்காரர் அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது.

“வியாபாரத்துல தோத்திருக்கலாம் மாப்ளே. தெளிவுல தோக்கல. சிவப்பு சிவப்புத்தான்.”

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. யாராலயும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.”

“யாராலயும்னு சொல்லு, என்னாலன்னு சொல்லாத. நான் கண்ணு பாக்கறவன்.”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நடுவில் வந்தாள்.

“அப்ப ஒண்ணு பண்ணுவோம். இதே படம் நீலத்துலயும் இருக்காமே. தம்பி கேம் பெட்டிய எடுத்துட்டு வரட்டும். எதைப் போடறோம்னு சொல்லாம முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு போடுவோம். எது சிவப்புன்னு நீங்க சரியாச் சொல்லிட்டா இந்த அறை உங்க தியேட்டராவே இருக்கட்டும். ஜன்னல்ங்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.”

“தப்பாச் சொல்லிட்டா?”

“ஜன்னல் எனக்கு. என் தையல் மெஷின் அங்கதான்.”

கண்ணாடிக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. படம் மங்கலோ தெளிவோ, சிவப்பு மெஷின் தட்டை வாங்கியதும் உர்ரென்று உறுமுமே, அது கேம் பெட்டியில் கிடையாது. கண்ணை நம்ப வேண்டியதில்லை, காதே போதும். கண் பரீட்சையில் காதை வைத்துத் தேறுகிறவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று நினைக்க அவருக்கே பெருமையாக இருந்தது.

லீவு நாள் மத்தியானம் போட்டி. கறுப்புத் திரை இழுத்து மூடியிருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மச்சினன் டிவிக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு நின்றான். மனைவி தன் தையல் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து அறைக்குள்ளேயே போட்டாள்.

“இது எதுக்கு இங்க?”

“அவசர ஆர்டர்ங்க. நீங்க பாட்டுக்குப் படம் பாருங்க. கண்ணாடியக் கழட்டிக் குடுங்க, துணி கட்டினா கீறல் விழுந்துடும்.”

கண்ணைக் கட்டினாள். கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். மச்சினன் ஏதோ தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி தையல் மெஷின் கடகடகடவென்று ரயில் வண்டி மாதிரி ஓட ஆரம்பித்தது. உறுமலாவது, செருமலாவது, ஒரு மண்ணும் காதில் விழவில்லை.

“கொஞ்சம் நிறுத்தும்மா.”

“படத்தப் பாக்கப்போறீங்களா, கேக்கப்போறீங்களா?”

கண்ணாடிக்காரர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்றது. மனைவி வந்து கட்டை அவிழ்த்து, கண்ணாடியை மாட்டிவிட்டாள். திரையில் ஒரு சண்டைக் காட்சி. வழக்கமான மங்கல். யார் அடிக்கிறார், யார் வாங்குகிறார் என்பதே சந்தேகம்.

“பாத்தாச்சா? கண்ணாடியக் குடுங்க” என்றாள் மனைவி. மறுபடி கட்டு, மறுபடி கடகடகட. இனி குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லவேண்டியதுதான். அறை போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, மச்சினன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கட்டு அவிழ்ந்தது. கண்ணாடி மூக்கில் ஏறியது. கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார்.

கதாநாயகன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அடி வாங்குகிறவனுக்கு முன்பல்லில் ஒன்று ஓட்டை. பின்னால் சுவரில் பல்லி கூடத் தெரிந்தது. தான் இத்தனை நாள் வாய்ச்சவடாலாகச் சொல்லிவந்தது அத்தனையும் உண்மையாகிவிட்டதே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இதுதான் சிவப்பு” என்று எழுந்து நின்றார். “ரெண்டாவதுதான். முன்னே போட்டது நீலம், தூ, அது ஒரு படமா? வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். மாப்ளே, எழுதி வெச்சுக்கோ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள் மனைவி. “இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?”

“ரெண்டாவது. சத்தியமா ரெண்டாவது.”

மச்சினன் குனிந்து டிவிக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். சிவப்பு மெஷினும் இல்லை, கேம் பெட்டியும் இல்லை. பரண்மேல் போட்டிருந்த பழைய டிவிடி பெட்டி.

“ரெண்டு தடவையும் இதுதான் மாமா. இதே படத்தோட பழைய டிவிடி தட்டு.”

“ஏமாத்து. போட்டி செல்லாது. ஒரே தட்டுன்னா முதல்ல ஏன் மங்கலா இருந்துச்சு?”

“கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க” என்றாள் மனைவி.

கழற்றினார். மங்கல். மாட்டினார். பல்லி. கழற்றினார். மங்கல். ஊருக்கெல்லாம் செய்கிறதைத் தனக்கே செய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“கண்ணாடி மாறியிருக்கா?”

“வேன் டிரைவர் நம்பர்ல செஞ்சது. அன்னிக்கு அவர் கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தானே தோட்டுல கல்லு ஜொலிக்குதுன்னீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கண்ணுல கோளாற வெச்சுக்கிட்டுத் தட்டு சரியில்ல, மெஷின் சரியில்லன்னு என் ஜன்னல வேற மூடினீங்க.”

“நான் தினம் பலகையக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கறேனே.”

“எங்க, இப்பக் கண்ண மூடிக்கிட்டு வாசிங்க.”

கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார். வாய் தானாக ஒப்பித்தது. பெரிய எழுத்திலிருந்து கடைசி வரி வரை, ஓர் எழுத்துக்கூடத் தவறாமல். ஒப்பித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தான்.

யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கறுப்புத் திரையில் மேல் மடிப்பிலும் ஓரங்களிலும் வெள்ளை வெளேரென்று நீள நீளமாக ஏதோ ஓடியது. நன்றாகப் பார்த்தார். தையல். விரல் நீளத்துக்கு ஒன்றாக, கையால் இழுத்துவிட்ட வெள்ளை நூல்.

“ஏம்மா, இது ஓட்டுத் தையல்தானே? அளவு பாக்கறதுக்குத் தற்காலிகமா ஓட்டுவீங்களே.”

“ஆமா.”

“எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“மாட்டின அன்னிலேருந்து. எப்படியும் கழட்டத்தானே போறோம், எதுக்கு அழுத்தித் தைக்கணும்னு விட்டுட்டேன். நீங்கதான் அங்கேருந்தே பாத்துட்டு, நூல் பிடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னீங்க.”

சொல்லிக்கொண்டே நூலின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வர, திரை மொத்தமும் கழன்று தரையில் குவிந்தது. வெயில் உள்ளே வந்தது. மச்சினன் தியேட்டர் நாற்காலியை அப்புறப்படுத்தினான், மனைவி தையல் மெஷினை ஜன்னலோரம் உருட்டினாள். நெடுநாள் கழித்து அவள் கண்ணைச் சுருக்காமல் ஊசியில் நூல் கோத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு தெளிவாக அவள் முகத்தைப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எல்லாம் போனாலும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நான் தோத்திருக்கலாம். ஆனா கடைப் பையன் லென்ஸ் போட்டிருக்கான் பாரு, கை சுத்தம்னா இது சுத்தம். ஒரு பிசிறு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. நம்ம கடை வேலைன்னா சும்மாவா?”

மனைவி மெஷினை ஓட்ட ஆரம்பித்திருந்தாள். நிமிராமலேயே சொன்னாள்.

“நம்ம கடையில போட்டா உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு எதிர்க்கடையில குடுத்தேங்க.”